கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: பதவியை விட்டு நீங்கிய பண்பு

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது எம்மவர் நாவில் நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. ஓர் இளைஞன் கல்லூரியை விட்டு வெளியேறியதும் உற்றாரும் ஊராரும் முதலில் வினவுவது, அவனுக்கு எந்தக் கந்தோரில் இடங் கிடைத்தது என்பதே. பதவியிற் சேரும் வழியைச் சொல்லிக் கொடுப்பார் பலர். சேர்ந்த பதவி தன் இயல்புக்குப் பொருந்தாதபோது அதனை விட்டு எப்பொழுது நீங்குவது, எவ்வாறு நீங்குவது என்பனவற்றைச் சொல்லிக் கொடுப்பாரோ அரியர். நூல்களிலும் இதற்கு விதி காண்டல் எளிதன்று. பெரியோர் வாழ்ந்து காட்டிய வாழ்க்கையே இதற்கு இலக்கணமாக அமையும்.

இவ்வகையில் எமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ஆறுமுக நாவலர் அவர்கள் 1848ஆம் ஆண்டில் மிசன் பாடசாலையின் ஆசிரியப் பதவியைத் துறந்து சைவத்தையும் தமிழையும் வளர்க்கப் புறப்பட்டமையை எம் மாணவர் யாவரும் அறிவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த பண்டிதர் மயில்வாகனனார் 1922இல் அப்பதவியை விட்டுச் சென்று, பின்னர் விபுலாநந்த அடிகளாராகத் திரும்பி வந்தமையும் பலரும் அறிந்ததே. அவ்விருவர் வரலாறும் இத்தகைய மலர்களிற் பன்முறை எழுதப்பட்டுள்ளன. ஆகவே, இந்நோக்கில் அதிகம் பேசப்படாத மற்றொருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். அவர், கல்லை ஆராயும் பதவியிலிருந்து நீங்கிக் கலையை ஆராயப் புகுந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 22ஆந் தேதி கொழும்பு கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. இவர் சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். இங்கிலாந்திற் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். பாளி மொழியிலிருந்து தாதவமிசம், சுத்தநிபாதம் என்பவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய இருவருக்கும் இவர் தாய்மாமன். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. கென்ற் மாகாணத்தைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் தாயார் அதனை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். அவர்களைப் பின்தொடர்ந்து செல்ல ஆயத்தமாயிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பிற் காலமானார். எனவே ஆனந்தர் தந்தையின் முகம் அறியாதவராய், தந்தையின் நாட்டையும் அறியாதவராய், இங்கிலாந்திலேயே வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில் குளொஸ்ரர் மாகாணத்து விக்கிளிப் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். அக்கல்லூரிக்கு அயலிலுள்ள ஒரு குன்றின் பாறைகளை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை கல்லூரிச் சஞ்சிகையில் வெளிவந்தது. பிற்காலத்தில் உலகம் போற்றிய ஓர் எழுத்தாளரின் தொடக்க எழுத்து ஒரு பாடசாலைச் சஞ்சிகையில் இடம்பெற்றது என்பதை, இம்மலரை வாசிக்கும் எம் மாணவர் மனத்திற் கொள்வாராக.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் பயின்று, 1900ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். இலங்கைப் பாறைகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகளுக்காக அப்பல்கலைக்கழகம் பின்னர் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தையும் வழங்கியது.

கல்லை ஆராய்ந்த காலம்

1903ஆம் ஆண்டில் இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பகுதி தொடங்கப்பட்டபோது அதன் முதற் பணிப்பாளராக ஆனந்தர் நியமிக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றிருந்த அக்காலத்தில், தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஓர் இளைஞர் அரசாங்கப் பகுதியொன்றின் தலைமையைப் பெறுதல் எளிதில் வாய்க்கும் பேறன்று. எம்மவர் கண்ணுக்கு அதனினும் உயர்ந்த நிலை வேறில்லை.

அப்பதவியில் அவர் பெயரளவில் இருந்தவரல்லர். இரத்தினக்கல் அகழும் குழிகளையும், காரீயச் சுரங்கங்களையும், மலைநாட்டுப் பாறைகளையும் நேரிற் சென்று கண்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். இலங்கையில் எடுக்கப்பட்ட ஒரு புதிய கனிப்பொருளை அறிஞர் பிரயர் என்பவரோடு சேர்ந்து உலகுக்கு விவரித்தார். இந்நாட்டின் பழம்பெயராகிய செரண்டிப் என்பதைக் கொண்டு அதற்குச் செரண்டிபைற்று எனப் பெயரிடப்பட்டது.

அவர் கண்டவற்றுட் பெரும் புகழ் பெற்றது தோரியனைற்று. 1904ஆம் ஆண்டளவிற் சப்பிரகமுவாவில், பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கற் சரளையிற் கிடைத்த கரிய, பாரமான சிறு மணிகளை அவர் கவனித்து எடுத்தார். இலண்டனில் அவை பகுத்தாராயப்பட்டபோது தோரியம் மிகுந்த ஒரு புதிய கனிப்பொருளெனத் தெளிந்தது. கதிர்த்தொழிற்பாடு என்னும் புதுமை விஞ்ஞானிகளின் சிந்தையை ஈர்த்திருந்த காலம் அது. இலங்கைத் தோரியனைற்றைக் கொண்டு இலண்டனிற் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒட்டோ ஹான் என்னும் யேர்மானிய இளைஞர், 1905இல் இரேடியோதோரியம் என்னும் புதிய பொருளைக் கண்டார். அவ்விளைஞரே பிற்காலத்தில் அணுப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவர். பலாங்கொடைச் சரளையில் ஆனந்தர் குனிந்தெடுத்த மணிகளுக்கு அவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு.

இவ்வாறு பதவியும் புகழும் ஒருங்கே கூடிவந்த வேளையிலேதான் அவர் உள்ளம் வேறு திசையில் திரும்பலாயிற்று. தோல்வியால் மனம் உடைந்து நீங்கினார் என்று எவரும் சொல்ல இடமில்லை என்பதை வற்புறுத்தவே இவற்றை விரித்துரைத்தேன்.

ஒரே பயணம், இரண்டு தேட்டம்

பாறையை ஆராய்பவன் நகரத்துக் கந்தோரில் அமர்ந்திருக்க முடியாது. ஆனந்தர் தம் மனைவியார் எதெலுடன் மலைநாட்டுக் கிராமங்கள்தோறும் பிரயாணஞ் செய்தார். பாறையைத் தேடிச் சென்ற இடங்களிற் பாழடைந்த விகாரைகளைக் கண்டார். சுவரோவியங்கள் அழிந்துகொண்டிருந்தன. தந்தத்திற் செதுக்குவோர், பித்தளையில் வார்ப்போர், அரக்கு வேலை செய்வோர், பாய் இழைப்போர், நெசவாளர், குயவர் ஆகியோரின் வழிவழி வந்த தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன.

அதற்குக் காரணங்களையும் அவர் கண்டறிந்தார். 1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அரசனும் பிரதானிகளும் ஆலயங்களும் கைவினைஞருக்கு நிலம் கொடுத்து, அந்நிலத்திற்கு ஈடாக வேலை கொண்ட பழைய ஒழுங்கு நாளடைவிற் சிதைந்தது. இயந்திரங்களாற் செய்யப்பட்டுக் கப்பலில் வந்த மலிவான பொருள்கள் சந்தையை நிரப்பின. கற்றவர்களோ மேனாட்டு உடையையும் நடையையும் பின்பற்றுவதே நாகரிகமென எண்ணித் தம் முன்னோரின் கைத்திறனை மறந்தனர். ஆயிரம் ஆண்டுகளாகக் கைமாறி வந்த ஒரு வித்தை, கற்பார் இன்றி ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். மலையிலுள்ள பாறையோ நூறாண்டு கழித்து ஆராய்வாருக்கும் காத்திருக்கும். கைவினைஞன் அவ்வாறு காத்திருப்பானல்லன். இவ்வேற்றுமையை அவர் வாழ்க்கை எமக்குத் தெளிவாய்ப் புலப்படுத்துகின்றது.

எனினும் அவர் அன்றே பதவியை எறிந்துவிட்டு ஓடினாரல்லர். பகலில் அளவை வேலை நடந்தது. அதே பயணத்திற் கைவினைஞரோடு உரையாடலும் குறிப்பெடுத்தலும் நடந்தன. எதெல் அம்மையார் நிழற்படங்கள் எடுத்தார். 1905இற் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, முன்னோர் விட்டுச் சென்ற கட்டடங்களையும் கலைகளையும் பேணுமாறு வேண்டினார். இலங்கைச் சமுதாயச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி அதற்குத் தலைமை தாங்கினார். 1906இல் அச்சங்கத்தின் சஞ்சிகை வெளிவந்தது. பாடசாலைகளிற் சிங்களமும் தமிழும் தமக்குரிய இடத்தைப் பெறவேண்டும், மேனாட்டாரை ஆராயாது பின்பற்றுதல் கூடாது என்னும் கருத்துக்களை அவர் இடைவிடாது எடுத்துரைத்தார்.

இவ்வாறு ஏறக்குறைய மூன்றாண்டு காலம் ஒரு கையிற் பழைய தொழிலும் மறு கையிற் புதிய தொழிலுமாக வாழ்ந்தார். புதியது தம் உள்ளத்தில் எழுந்த ஒரு நாள் ஆசையா, அன்றி வாழ்நாள் முழுவதும் தாங்கவல்ல கடமையா என்பதை அறிதற்கு அக்காலம் அவருக்கு உரைகல்லாயிற்று. ஐயந் தீர்ந்த பின்னர், 1906ஆம் ஆண்டோடு, பணிப்பாளர் பதவியை விட்டு நீங்கினார். அப்பொழுது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை.

நீங்கியபின் செய்தது

பதவியை விட்டவர் சோம்பியிருக்கவில்லை. இங்கிலாந்திற் புரோட் காம்டன் என்னும் சிற்றூரிற் குடியமர்ந்து, தாம் திரட்டிய செய்திகளை நூலாக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அப்பெருநூல், கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொரிஸ் முன்னர் தம் நூல்களை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், கையாலேயே அச்சிடப்பட்டது. 1907ஆம் ஆண்டு தொடங்கிய அச்சுவேலை 1908இன் இறுதியில் நிறைவுற்றது. 425 பிரதிகளே வெளிவந்தன.

அந்நூலைப் புரட்டுவோர் ஒன்றை உணர்வர். ஒவ்வொரு தொழிலின் கருவிகளும், மூலப்பொருள்களும், செய்முறையும், அலங்கார வடிவங்களும் வகைப்படுத்தி விளக்கப்பட்டுள்ளன. இது ஒரு விஞ்ஞானியின் கண். பாறையைப் பார்த்துப் பகுத்து எழுதப் பழகிய கை, ஓவியத்தையும் வார்ப்பையும் அவ்வாறே பகுத்து எழுதிற்று. பழைய தொழிலை விட்டாரேயன்றி, அத்தொழில் தந்த பயிற்சியை அவர் விடவில்லை. தம் முன்னைய ஆண்டுகள் வீணாயின என்று வருந்துவோர்க்கு இது பெரியதோர் ஆறுதலாகும்.

பின்னர் இந்தியா முழுவதுஞ் சுற்றிப் பழைய ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். மொகலாய ஓவியத்தோடு கலந்து எண்ணப்பட்டுவந்த இராசபுத்திர ஓவியத்தை வேறு பிரித்து, அதன் பெருமையை 1916இல் இரு பாகங்களாக வெளிவந்த நூலில் நிலைநாட்டினார். தாம் சேர்த்த ஓவியங்களைக் காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைத்தற்கு உதவ முன்வந்தார். அதற்கு வேண்டிய பொருளை அளிக்க அந்நாளில் எவரும் முன்வந்திலர்.

சைவ மக்களாகிய நாம் மறக்கவொண்ணாதது அவருடைய சிவனது நடனம் என்னும் கட்டுரை. 1912இற் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை என்னும் சஞ்சிகையில் அது முதலில் வெளிவந்தது. 1918இல் அதே பெயர் தாங்கிய கட்டுரைத் தொகுதி நியூயோர்க்கில் வெளிவந்தது. தமிழ்ச் சைவ நூல்களைச் சான்றாகக் கொண்டு, நடராச வடிவத்தின் ஐந்தொழிற் பொருளை மேனாட்டார்க்கு விளக்கியவர் அவர். அவர்கள் விநோதப் பொருளாகக் கண்ட திருவுருவத்தைத் தத்துவப் பொருளாகக் காணச் செய்தார். கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராகவே இருந்து ஓய்வூதியம் பெற்றிருப்பாராயின், இப்பணியை வேறு யார் செய்திருப்பார் என்பது சிந்திக்கத்தக்கது.

விடாது நின்ற முப்பது ஆண்டு

1917ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, பொஸ்ரன் நகரத்து நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பாளரானார். அவருடைய ஓவியச் செல்வமும் அங்கே சேர்ந்தது. அன்று தொட்டு வாழ்நாள் இறுதிவரை, முப்பது ஆண்டுகள், அந்நூதனசாலையிலேயே பணியாற்றினார்.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஏறக்குறைய 1932ஆம் ஆண்டளவில் அவர் உள்ளம் மீண்டும் ஒரு மாற்றத்தை அடைந்தது. கலையின் வரலாற்றை எழுதிவந்தவர், கலைக்கு மூலமாயுள்ள மெய்ப்பொருளை ஆராயத் தலைப்பட்டார். வேதாந்தமும் பௌத்தமும் கிறித்தவ ஞானியர் நூல்களும் அவர் மேசையில் ஒருங்கே இருந்தன. இம்முறை அவர் பதவியை விடவில்லை. 1933இல் நூதனசாலையார் அவரை ஆராய்ச்சி அறிஞர் என்னும் நிலையில் அமர்த்தினர்; அவர் ஆராய்ச்சி தடையின்றி நடந்தது. கலையில் இயற்கையின் மாற்றம், பௌத்தத் திருவுருவவியலின் கூறுகள் முதலிய அரிய நூல்கள் அதன்பின்னரே எழுந்தன.

முன்னர் நீங்கியவர் பின்னர் நின்றது ஏன்? கனிப்பொருள் அளவைப் பதவியில் இருந்துகொண்டு கலையாராய்ச்சியை முழுவதும் செய்தல் இயலாது. இரண்டும் ஒருவனுடைய முழு நாளையும் வேண்டுவன. நூதனசாலைப் பதவியோ அவரது புதிய நாட்டத்திற்கும் இடங்கொடுத்தது. மனம் மாறுந்தோறும் பதவி மாறுதல் அறிவுடைமையன்று. பதவி தன் கடமைக்கு இடங்கொடாதபோது நீங்குதலும், இடங்கொடுக்கும்போது நிற்றலும் ஆகிய இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

1947ஆம் ஆண்டு ஆகத்து மாதம் எழுபது வயது நிறைந்தபோது, நூதனசாலையை விட்டு நீங்கி இந்தியா திரும்பி, எஞ்சிய நாளைத் தியானத்திற் கழிக்க அவர் எண்ணியிருந்தார். பாரதம் விடுதலை பெற்று ஒரு வாரமே கழிந்திருந்த காலம் அது. ஆயின் அப்பயணம் கைகூடவில்லை. செத்தெம்பர் மாதம் 9ஆந் தேதி, பொஸ்ரனுக்கு அயலிலுள்ள நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்திற் காலமானார். கொழும்பில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எமக்கு உரிய பாடம்

இவ்வரலாற்றைக் கேட்போருட் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். ஆனந்தருக்கு முன்னோர் தேடிவைத்த பொருள் இருந்தது. மாதச் சம்பளமின்றியும் அவரால் வாழ முடிந்தது. எமக்கு அத்தகைய வசதி உண்டோ என்பர். இத்தடை நியாயமானதே. சகோதரிமாரின் சீதனக் கடனும், வயது முதிர்ந்த பெற்றோரின் வைத்தியச் செலவும் தோளிற் கிடக்க, ஓர் இளைஞன் மனம் போன வழியிற் செல்லுதல் அறமாகாது. குடும்பத்தின் பொருட்டு விருப்பமில்லாத தொழிலைப் பொறுத்துச் செய்பவனும் ஒருவகைத் துறவியே. அவனை எவரும் இகழற்க.

ஆயினும், பொருள் வசதி உள்ளோர் யாவரும் ஆனந்தரைப் போல் நீங்கினாரோ என வினவின், இல்லை என்பதே விடை. வசதி அவருக்கு வழியைத் திறந்தது உண்மை, நடந்தவர் அவரே. மேலும், வசதி குறைந்தோரும் அவரிடம் கற்றுக்கொள்ளக் கூடியவை சிலவுள. வெறுப்பினால் நீங்காதே, வேறொன்றின்மேற் கொண்ட உறுதியினால் நீங்கு. புதியதைப் பழையதன் ஓய்வு நேரத்திற் செய்து பார்த்து அதன் பாரத்தை அறிந்துகொள். இருக்கும் நாள்வரை எடுத்த வேலையைக் குறையறச் செய். அங்கே கற்றதை இழிவென்று எறியாது உடன் கொண்டு செல். இந்நான்கிற்கும் பெருஞ் செல்வம் வேண்டுவதில்லை.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது இன்னும் நெருங்கிய பொருளுடையது. கந்தோரில் மனமின்றி வேலை செய்பவனாற் கடதாசிகள் தாமதிக்கும். வகுப்பறையில் மனமின்றி நிற்பவனாற் பிள்ளைகளின் ஆண்டுகள் கழியும். அவற்றை மீட்டுக் கொடுக்க எவராலும் இயலாது. தன் உள்ளம் கற்பித்தலை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்டது என உணரும் ஆசிரியர், முதலில் தம் பதவிக்குள்ளேயே தமக்குப் பொருந்திய வேறு பணி உண்டோ எனத் தேடுக. நூல்நிலையமும், விளையாட்டிடமும், சங்கங்களும், சஞ்சிகையும் கல்லூரியிலேயே உள்ளன. பொஸ்ரனில் ஆனந்தர் நின்றது இவ்வாறே. அஃதும் இயலாதாயின், நன்றியோடு விடைபெறுதலே அவருக்கும் பிள்ளைகளுக்கும் நன்று.

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவரே! நீவிர் முதலிற் பெறும் பதவியே உமது முடிவான பதவி என எண்ணி அஞ்சவும் வேண்டாம். அதனை இகழவும் வேண்டாம். அதிற் கற்பதற்கு உரியது ஏதோ உண்டு. பெற்றோரே! நன்றாய் நடந்துவரும் உத்தியோகத்தை விட எண்ணும் மகனைக் கண்டவுடன் சினவாதீர். அவன் எதை விடுகின்றான் என்று கேட்குமுன், எதை நோக்கிச் செல்கின்றான் என்று கேளுங்கள். அதற்கு அவன் தெளிவான விடை கூறுவானாயின், அவ்விடைக்கு அத்தாட்சியாக இதுவரை செய்த வேலையையும் காட்டுவானாயின், அவனை வாழ்த்தி அனுப்புங்கள். விடை இல்லையாயின், சிறிது காலம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் பல துறைகளிலும் பல நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். அவருட் பலர் தொடங்கிய தொழில் ஒன்று. நிலைத்த தொழில் வேறொன்று. நின்றோரும் நீங்கினோரும் ஒருங்கு கூடும் இவ்விழாவில், பலாங்கொடைச் சரளையிலும் தில்லைக் கூத்தனின் திருவடியிலும் ஒரே கூர்மையோடு கண்ணைச் செலுத்திய அப்பெரியாரின் நினைவு எம்மனைவருக்கும் வழிகாட்டுவதாக.